சொல்லிவிட்டுத் தொடுங்கள்

"முதல் பிரசவம் எப்படி இருந்துச்சு?" என்று நர்ஸ் கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு சிஸ்டர்."

அவர் அதை எழுதிக்கொண்டார். எடை, ரத்த அழுத்தம், வயிற்றின் அளவு எல்லாம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. எனக்கு ஏழாவது மாதம். நன்றி சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். சாலையைக் கடந்து பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றேன்.

நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அளந்ததை அளந்தபடி எழுதுவதுதான் வேலை. ஒரு பதிவேட்டில் பொய்யை எழுதவைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. பேருந்து வந்தது. நான் ஏறவில்லை.

திரும்பிப் போனேன். லிப்ட் இருந்தது. லிப்டில் போனால் தைரியம் சேர்வதற்குள் மூன்றாவது மாடி வந்துவிடும் என்று படியில் ஏறினேன்.

"என்னம்மா, குடைய விட்டுட்டீங்களா?"

"இல்ல சிஸ்டர். நல்லா இல்ல."

"உடம்புக்கா?"

"முதல் பிரசவம். அது நல்லா இல்ல."

அவர் பேனாவை மூடினார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நான் சொன்னேன். முப்பத்தொரு மணி நேரம். மல்லாக்கப் படுக்கவைத்து, குழந்தையின் துடிப்பைப் பார்க்க வயிற்றில் பெல்ட் கட்டியிருந்தார்கள். அசைந்தால் பெல்ட் நழுவும் என்று அசைய விடவில்லை. மூன்று ஷிப்ட் மாறியது. வந்தவர்கள் யாரும் முகத்தின் பக்கம் வரவில்லை. கால் பக்கமாக வந்து, கையை விட்டுப் பார்த்து, தங்களுக்குள் ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டு போனார்கள். கடைசியில் எதையோ வைத்து இழுத்தார்கள். வெட்டினார்கள் என்பது வெட்டிய பிறகுதான் தெரிந்தது. ஒரு தடவைகூட நான் "இருங்க" என்று சொல்லவில்லை. சத்தமும் போடவில்லை. தங்கமான பேஷண்ட் என்று பாராட்டினார்கள். மகள் பிறந்ததும் நன்றாக அழுதாளாம். எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இல்லை.

அதன் பிறகு ஒரு வருடம் யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவேன். வேலையில் ஆறு குடுவைகளை உடைத்தேன். மகளுக்கு இப்போது ஐந்து வயது.

"இத யாருமே உங்ககிட்ட கேக்கலியா?"

"கேட்டாங்க. நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொன்னேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

"சரி, இந்தத் தடவை உங்களுக்கு என்ன வேணும்?"

இப்படி ஒரு கேள்வி இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. வெகுநேரம் யோசித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

"எதுவா இருந்தாலும் சொல்லிட்டுச் செய்யணும். நான் சரின்னு சொன்ன பிறகு தொடணும். அப்புறம், படுத்தே கிடன்னு சொல்லக் கூடாது."

"அவ்வளவுதானா? நீங்க யோசிச்ச யோசனைக்கு நான் பெரிய பட்டியலே வரும்னு பயந்துட்டேன்."

என் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி அடிக்கோடும் போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. அவசரத்துல யாரும் கோப்பைப் படிக்கிறதில்ல. அன்னைக்கு எனக்கு டியூட்டி இருக்கும்னும் சொல்ல முடியாது. சிவப்பு மைக்கு வாய் கிடையாது. நீங்கதான் சொல்லணும்."

"அது என்னால முடியாது சிஸ்டர்."

"அப்ப இவ்வளவு நேரம் இங்க உக்காந்து பேசினது யாரு? உங்க குடையா?"

*

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் லிப்ட் மெக்கானிக். கேட்டு முடித்ததும் தட்டில் கை அப்படியே காய்ந்துபோக உட்கார்ந்திருந்தார்.

"நான் வெளிய உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தேன்" என்றார். "விளையாட்டுப் பக்கம்."

மறுநாள் நாத்தனாரிடம் சொன்னேன். கணவருக்கு அக்கா. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித் தையல்கடை வைத்திருக்கிறார். அவர் எனக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். கல்யாணம் முடிந்த முதல் வாரத்தில் நான் மொத்தம் பதினோரு வார்த்தை பேசினேன் என்று எண்ணி வைத்திருக்கிறார். அதில் ஐந்து "இல்ல, போதும்" வகை என்பார்.

நான் சொல்லச் சொல்ல, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அவர் பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

"அஞ்சு வருஷமா இத்தனையையும் வயித்துலயே வச்சிருந்தியா? அப்புறம் பிள்ளைக்கு இடம் எங்கடி இருக்கும்?" என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி, வா. கதவுகிட்டப் போய் நில்லு. நான் மெஷின் ஓட்டுறேன். அந்தச் சத்தத்துக்கு மேல எனக்குக் கேக்கணும்."

"என்ன சொல்லணும் அண்ணி?"

"கொஞ்சம் இருங்கன்னு சொல்லு. அதுபோதும்."

அவர் பெடலை அழுத்தினார். நான் சொன்னேன்.

"கேக்கல."

மறுபடி சொன்னேன்.

"என்னடி, ஊசிகிட்ட ரகசியமா பேசுற? எனக்குச் சொல்லு!"

தினமும் வேலை முடிந்து வரும்போது பத்து நிமிடம் இது நடந்தது. பத்தாவது நாளோ என்னவோ, கடையில் ஒரு பெண் அளவு கொடுக்க வந்திருந்தாள். நான் கவனிக்காமல் வாசலிலேயே நின்று, "கொஞ்சம் இருங்க!" என்றேன். அந்தப் பெண் தூக்கிய கையோடு உறைந்துபோய், "நான் ஆடவே இல்லியேம்மா!" என்றாள்.

நாத்தனார் சிரித்துச் சிரித்துக் குண்டூசி டப்பாவைக் கவிழ்த்துவிட்டார்.

*

வலி காலை எட்டரை மணிக்கு ஆரம்பித்தது. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கணவர் ஊரின் மறுகோடியில் பன்னிரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் வேலைக்குப் போயிருந்தார். லிப்ட் குழிக்குள் இறங்கும்போது போனை மேலே கருவிப்பெட்டியில் வைத்துவிடுவார். இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். எடுக்கவில்லை.

நான் பதறவில்லை. ஒரு தாளில் கட்டம் போட்டேன். வலி தொடங்கிய நேரம், முந்தைய வலியிலிருந்து இடைவெளி, எவ்வளவு நேரம் நீடித்தது, குறிப்பு. பத்து நிமிடத்துக்குள் ஒழுங்காக வந்தால் கிளம்பிவிட வேண்டும், இரண்டாவது பிரசவம் காத்திருக்காது என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டு நிமிடம். பதினொன்று. ஐந்து. பன்னிரண்டு. ஆறு. பதினொன்று. நான்கு. நான்கு.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒவ்வொரு நீர் மாதிரியையும் மூன்று முறை அளப்போம். ஓர் அளவு மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாக நின்றால் அதன் மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் "பிழை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். ஐந்து வந்தபோது நான் குனிந்து செருப்பை எடுத்திருந்தேன், அதனால் வந்திருக்கும். கோடு இழுத்தேன். ஆறு வந்தபோது படி ஏறியிருந்தேன். அதற்கும், கடைசியாக வந்த இரண்டு நான்குக்கும் கோடு. மிச்சமிருந்தவற்றுக்குச் சராசரி பதினொன்றரை. இன்னும் நேரம் இருக்கிறது என்று துணி மடித்து வைத்தேன்.

ஒன்பதே முக்காலுக்கு நாத்தனார் கடை திறக்கப் போகும் வழியில் எட்டிப் பார்த்தார். நான் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தேன்.

"எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணுடி?"

"பதினொன்றரை அண்ணி."

அவர் தாளைக் கையில் எடுத்தார். படித்தார். தூரத்தில் பிடித்தும் படித்தார்.

"இந்த நாலையும் ஏன் அடிச்சிருக்க?"

"அது பிழை அண்ணி. ஒட்டாத அளவு."

"எட்டுல நாலு பிழையா?"

"ம்."

"கீழ கையெழுத்து வேற போட்டிருக்க!"

"அது வழக்கம்…"

"அடியே, வலியில என்னடி பிழை? தண்ணியா இது, மறுபடி மோந்து அளக்க? ரெண்டு கையும் ஒரே நீளமா இருக்கிற கஸ்டமரையே நான் இன்னும் பாக்கல. கிளம்புடி!"

அடுத்த வலி வந்தது. முந்தையதிலிருந்து மூன்று நிமிடம். எனக்கு அப்போதுதான் புரிந்தது. கணக்குத் தெரியாமல் அடிக்கவில்லை. அந்த அறைக்குப் போக வேண்டாம் என்றுதான் கை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

டாக்ஸியில் என்னால் உட்கார முடியவில்லை. பின் இருக்கையில் முழங்காலிட்டுப் பின் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தேன். எங்களுக்குப் பின்னால் வந்த காரில் ஒருவர் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

"அம்மா, அவங்கள பெல்ட் போடச் சொல்லுங்க" என்றார் டிரைவர்.

"நீங்க ரோட்டப் பாருங்க தம்பி. வயித்த நாங்க பாத்துக்கிறோம்" என்றார் நாத்தனார்.

*

சிவப்பு மை நர்ஸ் அன்று விடுமுறையில் இருந்தார்.

பிரசவ அறையில் வெள்ளை ஓடு பதித்த சுவர், வட்டக் கடிகாரம், இரும்புக் கட்டில். ஐந்து வருடத்துக்கு முன் பார்த்த கட்டில் இல்லை. ஆனால் அதே மாதிரி. ஒரு நர்ஸ் என் முழங்கையைப் பிடித்து அதை நோக்கி நகர்த்தினார். டியூட்டி டாக்டர் உள்ளே வந்தார். சின்ன வயது. தொப்பியிலிருந்து முடி வெளியே வந்திருந்தது. இரண்டு அறைகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தவர் என்று தெரிந்தது. கையுறையை மாட்டிக்கொண்டே, "படுங்கம்மா, பாத்துடலாம்" என்றார்.

நான் படுத்தேன்.

பயந்தது அதற்குத்தான். வலிக்கு இல்லை. என்னைக் கேட்காமலே என் உடம்பு படுத்துவிட்டது. கண் கூரைக்குப் போய்விட்டது. விளக்கைச் சுற்றி எத்தனை திருகாணி என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். சென்ற முறையும் இப்படித்தான்: திருகாணி, ஓடு, மறுபடி திருகாணி. இன்னும் ஒரு நிமிடத்தில் நான் இந்த அறையில் இருக்க மாட்டேன். குழந்தை பிறக்கும், யாராவது என்னிடம் சொல்வார்கள்.

கதவருகே நாத்தனார் வாயைத் திறந்தார். எனக்காகப் பேசத்தான். நான் அவரைப் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் செய்த கடினமான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

முழங்காலில் ஒரு கை பட்டது.

"தொடாதீங்க."

பழகி வைத்த வாக்கியம் இது இல்லை. சத்தமும் கடையில் வந்த சத்தம் இல்லை. எங்கிருந்து வந்தது என்று எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றியது. முழங்காலில் இருந்த கை விலகியது.

"என்னம்மா?"

"நீங்க யாருன்னு சொல்லுங்க. என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லுங்க. நான் சரின்னு சொன்ன பிறகு தொடுங்க. ஒவ்வொரு தடவையும்."

நான் காத்திருந்தேன். திட்டுவார்கள், அல்லது சிரிப்பார்கள், அல்லது கேட்காத மாதிரி இருப்பார்கள். மூன்றுக்கும் தயாராக இருந்தேன். நடந்தது வேறு. டாக்டர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு என் முகத்தின் பக்கம் வந்தார்.

"நான் இங்க டியூட்டி டாக்டர். உங்க பிள்ளையோட தலை எவ்வளவு தூரம் இறங்கியிருக்குன்னு விரலால பாக்கணும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. இப்ப வர்ற வலி போகட்டும். அப்புறம் பாக்கட்டுமா?"

"பாருங்க."

அவ்வளவுதான். ஐந்து வருடமாகத் தொண்டையில் கிடந்தது பத்து நொடி வேலை.

பார்த்தார். புருவம் உயர்ந்தது. "கர்ப்பப்பை வாய் முழுசா திறந்திருச்சு. எப்பம்மா கிளம்புனீங்க வீட்டுலேருந்து?"

"அவ பிழை திருத்திட்டு இருந்தா" என்றார் நாத்தனார்.

இதற்குள் நர்ஸ் கோப்பைத் திறந்து டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் சிவப்பு மையைப் படித்தார். "இத நான் முன்னாடியே படிச்சிருக்கணும். மன்னிச்சுக்குங்க" என்றார். பிறகு, "எப்படி இருக்கணும்னு தோணுது? படுத்துத்தான் பெறணும்னு இல்ல."

நான் எழுந்தேன். கட்டிலின் தலைமாட்டை அவர்கள் உயர்த்திக் கொடுத்தார்கள். டாக்ஸியில் இருந்த மாதிரியே முழங்காலிட்டு, உயர்ந்த பக்கத்தில் இரண்டு கையையும் போட்டுக்கொண்டேன். அந்தப் பக்கம் நாத்தனார் வந்து நின்றார். என் முகமும் அவர் முகமும் ஒரு சாண் தூரத்தில்.

வலி குறைவாக இருந்ததா என்று பிறகு பலர் கேட்டார்கள். இல்லை. சென்ற முறை அறையில் வலி மட்டும் இருந்தது, நான் போய்விட்டேன். இந்த முறை இரண்டு பேரும் இருந்தோம்.

டாக்டர் இப்போது எதையும் சொல்லாமல் செய்வதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

"முதுகுல சுடு துணி வைக்கலாமா?"

"வைங்க."

"பிள்ளையோட நாடித்துடிப்பு கேக்கணும். கருவிய வயித்துல வைக்கிறேன், சில்லுன்னு இருக்கும். சரியா?"

"சரி."

"இந்த விளக்கக் கொஞ்சம் திருப்பலாமா?"

"டாக்டர்," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு, "விளக்குக்கு விளக்கையே கேட்டுக்குங்க."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். "ஊமைக்கோட்டானா இவ?" என்று நாத்தனார் யாரிடமோ கேட்டார். அறையில் இருந்த யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை.

பிறகு பேச்சுக்கு இடமில்லை. உடம்பு தானாகத் தள்ள ஆரம்பித்தது. தும்மலை நிறுத்த முடியாத மாதிரி. என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடிவயிற்றிலிருந்து, தாழ்ந்து, நீளமாக. பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும். எனக்கு வெட்கமாக இல்லை.

"அப்படிப் போடு!" என்றார் நாத்தனார். அவர் புடவைத் தலைப்பை நான் கயிறு மாதிரி முறுக்கிப் பிடித்திருந்தேன்.

"தலை தெரியுது. இப்பத் தள்ளாதீங்க, வாயால மூச்சு விடுங்க. மெதுவா வரட்டும். தொட்டுப் பாக்குறீங்களா?"

நான் ஒரு கையைக் கீழே கொண்டுபோனேன். ஈரமான முடி. சூடு. எனக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில், இரண்டிலும் சேராமல் ஒரு தலை. ஐந்து வருடத்துக்கு முன்னும் இப்படி ஒரு கணம் இருந்திருக்கும். அப்போது நான் திருகாணி எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நானே தள்ளலாமா?"

"நீங்கதான் தள்ளணும்."

தள்ளினேன். தலை வந்தது. அடுத்த வலியில் தோள், பிறகு ஒரே வழுக்கலில் மிச்சமெல்லாம். டாக்டர் என் கால்களுக்கு நடுவிலேயே குழந்தையைப் பிடித்து, "எடுத்துக்குங்க" என்றார். நான் குனிந்து இரண்டு கையாலும் எடுத்தேன். என் கையைத் தவிர வேறு எங்கும் போகாமல் அவள் நேராக என் நெஞ்சுக்கு வந்தாள்.

ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு அழுதாள்.

சின்னத் துருப்பிடித்த கதவைத் திறப்பது மாதிரி ஆரம்பித்து, கீச்சென்று உயர்ந்து, மூச்சு வாங்க நின்று, மறுபடி உயர்ந்தது. நான் கேட்டேன். முழுவதையும் கேட்டேன். யாரும் எனக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

மணி பத்து ஐம்பத்திரண்டு.

*

கணவர் பதினொன்றரைக்கு வந்தார். சட்டையில் கிரீஸ். குழியிலிருந்து மேலே வந்து போனைப் பார்த்தபோது பதினேழு அழைப்புகள் இருந்தனவாம். பதினைந்து அவர் அக்காவுடையவை. கதவுக்கு வெளியிலேயே நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

"வாங்க" என்றேன்.

அவர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?" என்றார் தயங்கியபடி.

நான் சொல்ல ஆரம்பித்தேன். சுவர், தாள், டாக்ஸி, கண்ணாடியில் சிரித்த மனிதர், கை முழங்காலில் பட்டது, நான் சொன்னது, டாக்டர் முகத்தின் பக்கம் வந்தது, தலையைத் தொட்டது, அந்தச் சத்தம், அதற்குப் பிறகு வந்த இந்தச் சத்தம். அவர் கிரீஸ் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"டேய், உக்காரு" என்றார் நாத்தனார் தம்பியிடம். "இது இப்ப முடியாது."

நடுவில் டாக்டர் வந்தார். நச்சுக்கொடி முழுதாக வந்துவிட்டது, ரத்தப்போக்கு சரியாக இருக்கிறது என்றார். "ஒரு சின்னக் கிழிசல் இருக்கு. ரெண்டு தையல் போடணும். மரத்துப்போக மருந்து குத்திட்டுத்தான் போடுவேன். இப்பப் போடலாமா?"

"என்ன நூல் டாக்டர்?" என்றார் நாத்தனார்.

"தானா கரையிற நூல்மா."

"கரையிற நூலா! என் கஸ்டமருக்கு அதுல தச்சுக் குடுத்தா என் கதி என்ன ஆகுறது!"

டாக்டர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பதிலுக்காகத்தான்.

குழந்தை அப்போதுதான் வாயைத் தேடிப் பிடித்து முதல் முறையாகக் குடிக்க ஆரம்பித்திருந்தாள். தாடை அசைவது என் விலா எலும்பு வரை தெரிந்தது.

"இப்ப வேண்டாம்" என்றேன். "பத்து நிமிஷம் ஆகட்டும்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லக் காரணம் எதுவும் அவருக்குத் தென்படவில்லை போலிருக்கிறது. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் உட்கார்ந்தது அப்போதுதானாம்.

நான் பதினான்கு நிமிடம் எடுத்துக்கொண்டேன். பிறகு, "டாக்டர், இப்ப வாங்க" என்று கூப்பிட்டேன்.